அப்பாவுக்குச் செயற்கைக் கால் செய்தவரிடம் பதிவு எண் கேட்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. சர்க்கரை நோயால் புண் ஆறாமல் போய், சென்ற ஆண்டு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஐந்து மாதங்களுக்கு முன் ஒருவரிடம் செயற்கைக் கால் செய்து வாங்கினோம். இருபது வருடமாக இதே வேலை செய்பவர், கைராசிக்காரர் என்று பெயர். முதல் இரண்டு மாதம் அப்பா நன்றாகவே நடந்தார். இப்போது முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கத்தில் சிவந்து, தோல் உரிந்திருக்கிறது. செய்தவரிடம் காட்டினால் "போகப் போகப் பழகிவிடும்" என்கிறார். அப்பாவும் வலியே இல்லை என்கிறார். அவரிடம் படிப்போ சான்றிதழோ எதுவும் இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. இந்த வேலைக்கு லைசென்ஸ் வேண்டாமா? கேட்டால் அவர் மனம் நோகும் என்று அப்பா தடுக்கிறார். நான் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

லைசென்ஸ் விஷயத்தைப் பிறகு பேசுவோம். இதைப் படிக்கும்போது அப்பா அந்தக் காலை மாட்டியிருந்தால் முதலில் கழற்றச் சொல்லுங்கள். உரிந்த தோலை ஒரு மருத்துவர் பார்த்து, முழுக்க ஆறிவிட்டது என்று சொல்லும்வரை திரும்ப மாட்ட வேண்டாம். அதுவரை வாக்கரோ சக்கர நாற்காலியோ போதும். மற்ற காலின் உள்ளங்காலையும் தினமும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். இப்போது உடம்பின் பாரம் முழுவதையும் அது ஒன்றுதான் தாங்குகிறது.

வலி இல்லை என்று அப்பா சொல்வதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. சர்க்கரை பல வருடம் நீடித்தால் கால் நரம்புகள் மரத்துப்போகும். செயற்கைக் கால் பொருத்தும் எங்கள் அறையில் நைலான் இழை ஒன்று வைத்திருப்போம். தோலில் வைத்து அழுத்தினால் 10 கிராம் விசையில் வளையும்படி செய்யப்பட்டது. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு உள்ளங்காலில் அங்கங்கே தொடுவோம். இழை வளைந்து நிற்கும், அவரோ "தொட்டீங்களா?" என்று கேட்பார். அப்படிப்பட்டவரிடம் "வலிக்கிறதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அனுப்பக் கூடாது. தோலைத்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் இடத்தை நான் பார்க்காமலே சொல்ல முடியும். உங்கள் காலிலேயே தொட்டுப் பாருங்கள். முழங்காலின் வெளிப்பக்கம், மூட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன எலும்புக் குமிழ் கைக்குத் தட்டுப்படும். காலின் மெல்லிய எலும்பான ஃபிபுலாவின் தலை அது. அதற்கு மேல் சதை கிடையாது, தோல் மட்டும்தான். அதன் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பும் போகிறது. இந்த இடத்தில் அழுத்தம் படவே கூடாது என்பது எங்கள் படிப்பில் முதல் வருடமே வரும் பாடம். முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநார் பாரத்தைத் தாங்கும். முன்னெலும்பின் உட்பக்கச் சரிவும் தாங்கும். முன்னெலும்பின் கூரான விளிம்பும், துண்டித்த நுனியும், இந்தக் குமிழும் தாங்காது. எங்கே அழுத்தலாம், எங்கே விலக வேண்டும் என்று தெரிந்து, நோயாளியின் கால் வடிவில் வார்த்த பிளாஸ்டர் மோல்டைச் செதுக்குவதுதான் இந்தத் தொழிலின் உயிர். மற்றதெல்லாம் குழாயும் திருகும்.

முதல் இரண்டு மாதம் நன்றாக நடந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது முக்கியமான தகவல். அந்தச் செயற்கைக் காலின் சாக்கெட், அதாவது மிச்சமுள்ள கால் நுழையும் கிண்ணம், ஆரம்பத்தில் சரியாகவே செய்யப்பட்டிருக்கலாம். அறுவைக்குப் பின் பல மாதங்களுக்கு மிச்சமுள்ள கால், நாங்கள் ஸ்டம்ப் என்று சொல்லும் பகுதி, வற்றிக்கொண்டே போகும். வீக்கம் இறங்கும், வேலையில்லாத தசை மெலியும். அப்போது கால் சாக்கெட்டுக்குள் இன்னும் ஆழமாக இறங்கிவிடும். குமிழுக்கென்று குடைந்து விட்டிருந்த பள்ளம் மேலே நிற்க, குமிழ் அதற்குக் கீழே போய் உட்காரும். ஆக, அன்று பொருந்திய கால் இன்று கடிக்கிறது. இதற்காகத்தான் ஸ்டம்ப்புக்குப் போடும் சாக்ஸின் கனத்தைக் கூட்டிக்கொண்டே வருவோம். சாக்ஸ் அளவுக்கு மேல் கனத்துவிட்டால் புது சாக்கெட் செய்வோம். காலைக் கழற்றியபின் 10, 15 நிமிடத்தில் மறையும் சிவப்பு பரவாயில்லை. அதற்கு மேலும் நின்றால் அதே வாரம் வரச் சொல்வோம். தோல் உரிந்தால் அன்றைக்கே.

வந்தவுடன் என்ன செய்வோம் தெரியுமா? சிவந்த இடத்தின் ஓரத்தில், உரியாத தோலில், லிப்ஸ்டிக்கால் ஒரு பொட்டு வைத்து, காலை மாட்டி ஒரு தடவை பாரம் ஏற்றிப் பார்ப்போம். கழற்றினால் சாக்கெட்டின் உள்சுவரில் அந்தச் சிவப்பு ஒட்டியிருக்கும். எங்கே இடிக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். அந்த இடத்தைச் சூடாக்கி வெளியே தள்ளலாம், அல்லது உரசி எடுக்கலாம். நுனி அடியில் இடிக்கிறதா என்று பார்க்கக் களிமண் உருண்டை ஒன்றை உள்ளே போட்டு மாட்டச் சொல்வோம். அரைமணி நேர வேலை. "பழகிவிடும்" என்ற பதிலில் இந்த அரைமணி நேரம் காணாமல் போய்விட்டது. கால் மெலிந்தது யாருடைய தப்பும் இல்லை. மெலியும் என்று தெரிந்து திரும்ப வரச் சொல்லாததும், வந்தபோது பார்க்காததும் தப்பு.

இனி லைசென்ஸுக்கு வருகிறேன். செயற்கைக் கால் செய்வதும் பொருத்துவதும் ஒன்றல்ல. கடையில் நல்ல முழங்காலும் பாதமும் வாங்கலாம். பாகங்களின் வலிமையைச் சோதிக்க ஐஎஸ்ஓ 10328 என்ற சர்வதேசத் தரமே இருக்கிறது. ஆனால் எந்தச் சோதனைக் கூடமும் அப்பாவின் ஸ்டம்ப்பில் சாக்கெட்டைப் பொருத்திப் பார்ப்பதில்லை. பொருளுக்கு முத்திரை குத்தலாம், பொருத்துகிற கைக்கு யார் முத்திரை குத்துவது? இந்தக் கேள்விக்கு நாடுகள் சொல்லும் பதில் ஒரே மாதிரி இல்லை. நீங்கள் எங்கிருந்து எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடாததால் சில நாடுகளின் நிலையைச் சொல்கிறேன். உங்கள் நாடு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் 'புரோஸ்தெடிஸ்ட்' (செயற்கை உறுப்பு பொருத்துபவர்), 'ஆர்த்தோடிஸ்ட்' (பிரேஸ் என்ற தாங்கு கருவியைப் பொருத்துபவர்) என்ற பெயர்களே சட்டத்தின் காவலில் இருக்கின்றன. ஹெல்த் அண்ட் கேர் புரொஃபஷன்ஸ் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொண்டால் குற்றம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பதிவேட்டை யாரும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். ஆனால் அங்கே சட்டம் காப்பது முக்கியமாகப் பெயரைத்தான். வேறு பெயர் பலகை மாட்டிக்கொண்டவரை அதே பலத்தோடு தடுக்காது. ஆகவே பலகையில் என்ன பட்டம் இருக்கிறது, என்ன பட்டம் இல்லை என்று எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும்.

ஜப்பானில் 1987இல் இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். தேசியத் தேர்வு எழுதித் தேற வேண்டும், மருத்துவரின் வழிகாட்டலில் வேலை செய்ய வேண்டும். ஜெர்மனியில் இது கைவினைத் தொழில் மரபில் வருகிறது. சொந்தமாகக் கூடம் நடத்த 'மைஸ்டர்' என்ற தேர்ச்சி நிலை வேண்டும். இந்தியாவில் 1992ஆம் ஆண்டின் மறுவாழ்வு கவுன்சில் சட்டம் இருக்கிறது. மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் மறுவாழ்வுத் தொழில்முறையாளராகப் பணி செய்யலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் தெளிவாகவே இருக்கிறது. நோயாளிகள் பதிவு எண்ணைக் கேட்கும் பழக்கம்தான் வரவில்லை.

அமெரிக்காவில் நிலைமை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உரிமச் சட்டம் உள்ள மாநிலங்கள் பாதிக்கும் குறைவு. மற்ற இடங்களில் 1948இல் தொடங்கிய அமெரிக்கன் போர்டு போன்ற தனியார் அமைப்புகள் தரும் சான்றிதழ்தான் அடையாளம். அது விரும்பினால் வாங்குவது, இல்லாமல் தொழில் செய்தால் தடுக்க அங்கே சட்டம் இல்லை. அளவெடுத்துச் செய்யும் கால்களுக்கும் பிரேஸ்களுக்கும் தகுதியுள்ளவர் பொருத்தினால் மட்டுமே அரசின் மெடிகேர் காப்பீடு பணம் தர வேண்டும் என்று 2000ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் போட்டார்கள். அதை நடைமுறைப்படுத்தும் விதிகளை 2017 ஜனவரியில் முன்வைத்தார்கள், அதே ஆண்டு அக்டோபரில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பதினேழு வருடம் காத்திருந்தது அப்படி முடிந்தது. அதைப் படித்த அன்று எனக்கு மனம் ஆறவே இல்லை. ஆஸ்திரேலியாவில் அரசுப் பதிவு கிடையாது, தொழில் அமைப்பே தன் உறுப்பினரைச் சோதித்துச் சான்று தருகிறது. அந்த அமைப்பின் பட்டியலில் இருக்கிறாரா என்று பார்ப்பதுதான் அங்கே வழி.

உரிமம் என்றால் திறமைக்கு உத்தரவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். பதிவு உள்ளவர்களும் தவறு செய்கிறார்கள். பதிவு தருவது வேறு ஒன்று: தவறு நடந்தால் போய்ச் சொல்ல ஒரு வாசல். பதிவேட்டில் ஏற்றிய பெயரை நீக்கவும் முடியும் என்பதில்தான் அதன் பலம். புகார் வந்தால் அவர் தன் குறிப்பேட்டை எடுத்து வைக்க வேண்டும். என்றைக்கு அளவெடுத்தார், எத்தனை சாக்ஸ் கனத்தில் அனுப்பினார், மறுபடி எப்போது வரச் சொன்னார் என்று பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் அப்பாவுக்குக் கால் செய்தவர் நாளை "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்றால் நீங்கள் எங்கே போவீர்கள்?

அதே சமயம் அவரைப் போலி என்று ஒரே வார்த்தையில் தள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. நான் வேலை கற்றதே பட்டம் இல்லாத ஒருவரிடம்தான். பட்டறையில் மோல்டு செதுக்கியே வயதானவர். மோல்டைச் செதுக்க அரத்தை எடுக்கும் முன் கட்டைவிரலால் ஸ்டம்ப்பை மெல்ல அழுத்திக்கொண்டே சுற்றி வருவார். நோயாளியின் முகத்தை ஒரு கணம்கூட விடமாட்டார். நான் புத்தகத்தில் படித்த வரைபடத்தை அவர் விரல் வைத்திருந்தது. ஆனால் புண்ணோடு யாராவது வந்தால் அவர் எதையும் தொடமாட்டார். "இது என் வேலை இல்லை, டாக்டரைக் கூப்பிடு" என்பார். சர்க்கரை எவ்வளவு, ரத்த ஓட்டம் எப்படி, எந்தத் தோலைக் காத்திருக்க விட வேண்டும் என்பதெல்லாம் தான் படிக்காதவை என்று அவருக்குத் தெரியும். அந்த எல்லையை அவர் ஒருநாளும் தாண்டவில்லை.

உலக அளவில் இந்த எல்லைக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். 1970இல் தொடங்கப்பட்ட ஐஎஸ்பிஓ என்ற, செயற்கை உறுப்பு, பிரேஸ் துறைக்கான சர்வதேச அமைப்பு மூன்று நிலைகளை வகுத்தது. நோயாளியைப் பரிசோதித்து, எது வேண்டும் என்று தீர்மானித்துப் பொருத்தும் பட்டதாரி ஒரு நிலை. அவருக்கு அடுத்த இணை நிலைப் பணியாளர் இன்னொன்று. பட்டறையில் செய்யும் டெக்னீஷியன் மூன்றாவது. டெக்னீஷியன் நோயாளிக்கு நேரடியாகச் சிகிச்சை தருபவர் அல்ல, அவர் கை இல்லாமல் மற்ற இருவருக்கும் வேலையும் இல்லை. 2017இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட தரக் கோட்பாடுகளும் பணியாளரின் படிப்பையும் ஒழுங்குமுறையையும் தனியாகப் பேசுகின்றன. உலகில் மூன்றரை முதல் நான்கு கோடிப் பேருக்கு இந்தச் சேவை வேண்டியிருக்கிறது என்று அதில் மதிப்பிட்டிருக்கிறார்கள். தேவைக்கு ஏற்ற ஆள் பெரும்பாலான நாடுகளில் இல்லை. அதனால்தான் "நாளை முதல் பதிவு இல்லாதவன் கை வைக்கக் கூடாது" என்று ஒரே இரவில் கதவைச் சாத்தும் சட்டத்தை நான் ஆதரிப்பதில்லை. பல வருட அனுபவம் உள்ளவர்களுக்குக் குறுகிய படிப்பும் தேர்வும் வைத்து, உரிய நிலையில் பதிவு கொடுத்து, மேற்பார்வைக்குக் கீழே கொண்டுவர வேண்டும். உங்கள் அப்பாவுக்குக் கால் செய்தவர் அப்படி ஒரு வழி கிடைத்தால் நல்ல டெக்னீஷியனாக வரலாம். இன்று அவர் செய்வது, தனக்குத் தெரியாத பகுதியில் தனியாக முடிவெடுப்பது.

அப்பாவின் தயக்கத்துக்கு வருகிறேன். கேட்பது அவமானப்படுத்துவது இல்லை. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பதிவு எண்ணைக் கேட்டவர்கள் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. எண்ணைச் சொல்லி, தேடியும் காட்டுவேன். கூச்சமாக இருந்தால் காப்பீட்டுக்கோ மருத்துவமனைக் கோப்புக்கோ வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள், அது பொய்யும் இல்லை. சுவரில் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். பாகம் விற்கும் நிறுவனம் இரண்டு நாள் பயிற்சிக்குத் தரும் காகிதமும் அதே மாதிரி தங்க நிற ஓரத்தோடுதான் இருக்கும். பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு வந்து பதிவேட்டில் நீங்களே தேடுங்கள். பதிவு இன்றைக்கு நடப்பில் இருக்கிறதா, காலாவதியானதா என்று பாருங்கள். பெரிய பெயர்ப்பலகை உள்ள கூடங்களில் ஒன்றைக் கூடுதலாகக் கேளுங்கள்: "அளவெடுப்பவரும் பொருத்துபவரும் யார்? பதிவு அவர் பெயரிலா, முதலாளி பெயரிலா?" பதிவு முதலாளிக்கு இருக்கும், உங்கள் அப்பா காலைத் தொடுபவர் வேறு ஒருவராக இருப்பார். இது அடிக்கடி நடக்கிறது.

பிரேஸ் வாங்குகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. கால் இல்லாதவருக்கு மட்டும்தான் இந்தச் சோதனை என்று நினைக்க வேண்டாம். கணுக்காலுக்குப் போடும் பிளாஸ்டிக் பிரேஸ் அதே ஃபிபுலாக் குமிழுக்குக் கீழே நரம்பை அழுத்தினால், நன்றாக இருந்த பாதமே தூக்க முடியாமல் தொங்கிவிடும். முதுகு வளைந்த பிள்ளைகளுக்கு பிரேஸ் உண்மையில் பலன் தருகிறது. 2013இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு அறுவை தேவைப்படும் அளவுக்கு வளைவு போகவில்லை, போடாதவர்களில் அது 48 சதவீதம். நாளில் அதிக நேரம் போட்டவர்களுக்குப் பலனும் அதிகம். இடுப்பில் குத்தும் பிரேஸை எந்தப் பிள்ளை பதின்மூன்று மணி நேரம் போடும்? சரியாகப் பொருத்தாதவர் அந்தப் பிள்ளையின் வளரும் வருடங்களை வீணாக்குகிறார், அவை திரும்பி வராது. கைபேசியில் அளவு அனுப்பினால் வீட்டுக்கே வரும் பிரேஸ்களைப் பற்றியும் கேட்கிறார்கள். சுளுக்குக்கு அது போதும். வளரும் பிள்ளைக்கும், மரத்துப்போன காலுக்கும், ஊனத்துக்கும் தொட்டுப் பார்த்தவர் செய்ததையே போடுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. புண்ணை ஒரு படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். ரசீது, அவர் எழுதிக் கொடுத்த எதுவாக இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். மருத்துவர் புண்ணைப் பார்த்தபின், பதிவு உள்ள ஒரு புரோஸ்தெடிஸ்டிடம் போக அந்த மருத்துவரிடமே எழுத்தில் பரிந்துரை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய காலைத் தூக்கிப் போட வேண்டாம். பாதமும் குழாயும் நன்றாக இருந்தால் சாக்கெட்டை மட்டும் மாற்றினால் போதும், செலவும் குறையும். பழைய ஆளிடம் அப்பாவே போய்ப் பேசட்டும். நன்றியோடு பேசலாம், இரண்டு மாதம் அவரை நடக்க வைத்தவர் அவர்தான். "புண் வந்துவிட்டது, டாக்டர் வேறு இடத்துக்கு அனுப்புகிறார்" என்று சொன்னால் போதும். புண்ணைப் படத்தில் காட்டட்டும். அடுத்தவருக்கும் அவர் "பழகிவிடும்" என்று சொல்லாமல் இருக்க அந்தப் படம் உதவலாம். இதேபோல் வேறு யாருக்கும் ஆகியிருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் தயங்காமல் உங்கள் நாட்டின் பதிவு அமைப்புக்குப் புகார் எழுதுங்கள். பதிவு இல்லாதவர் மீதும் புகாரை வாங்கும் அமைப்புகள் உண்டு.

புதியவரிடம் போகும்போது அப்பா இப்போது போடும் எல்லா சாக்ஸையும், லைனர் எனும் உள்ளுறையையும் பையில் எடுத்துப் போங்கள். துவைத்தவை வேண்டாம், போட்டிருந்தவையே இருக்கட்டும். தேய்ந்த இடத்தையும் ரத்தக் கறையையும் பார்த்தே நாங்கள் பாதி கண்டுபிடித்துவிடுவோம். சாயங்காலம் நேரம் கேளுங்கள். காலையில் ஒரு அளவும் மாலையில் ஒரு அளவுமாக ஸ்டம்ப் மாறும், நாள் முழுக்க இருந்தபின் எப்படி இருக்கிறது என்று அவர் பார்க்க வேண்டும். அவர் அப்பாவின் காலைக் கையில் எடுத்துத் தொட்டுப் பார்க்கும் முன்பே விலைப்பட்டியலை நீட்டினால், பதிவு எண் எவ்வளவு சரியாக இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.